நீரால் வலியறிதல்

ஒரு பொருளின் வலிமையை அதன் தோற்றத்தைக் கொண்டு துணிதல் அரிது. பாலத்தின் வலிமை பாரத்தாலும் கயிற்றின் வலிமை இழுப்பாலும் அறியப்படும். அவ்வாறே நீராவியையும் வாயுவையும் அடக்கிவைக்கும் கலங்களினதும், அவற்றைக் கொண்டுசெல்லும் குழாய்களினதும் வலிமை அமுக்கத்தாலேயே அறியப்படல் வேண்டும். வினைமேற் செல்வோன் முன்னதாக வலியறிதல் வேண்டுமென்பதை உணர்த்தத் திருவள்ளுவர் தனியோர் அதிகாரம் வகுத்தார். அரசியலுக்கு உரைக்கப்பட்ட அம்முறைமை எந்திரவியலுக்கும் பொருந்துவதாகும். ஆயினும் ஈண்டு ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. வலி குன்றிய கலமொன்றைச் சோதிக்கப்புகின், அது சிதறிச் சோதிப்போனையே கொன்றுவிடல் கூடும். சோதனையே விபத்தாகாவண்ணம் சோதிப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு எந்திரவியலார் கண்ட விடை நீர் என்பதாகும்.

சோதனையின் தோற்றம்

பதினெட்டாம் நூற்றாண்டில் வழங்கிய ஜேம்ஸ் வாற்றின் நீராவி எந்திரங்கள் வளிமண்டல அமுக்கத்தைச் சிறிதளவே விஞ்சிய அமுக்கத்தில் இயங்கின. இங்கிலாந்தின் கோண்வால் பகுதியைச் சேர்ந்த றிச்சாட் திரெவிதிக் என்பார் உயரமுக்க நீராவியைக் கையாண்டு, சிறிய எந்திரத்திலிருந்து பெரிய வலுவைப் பெறும் வழியைக் கண்டார். அவ்வழி ஊறு நிறைந்ததென்பதை உலகம் விரைவிலேயே உணர்ந்தது. 1803 ஆம் ஆண்டில் இலண்டனை அடுத்த கிறீனிச்சில் அவருடைய கொதிகலமொன்று வெடித்து நால்வர் மாண்டனர். அதன்பின் திரெவிதிக் தம் கொதிகலங்களுக்கு இரண்டு காப்பு வால்வுகளையும், வெப்பம் மிகுந்தால் உருகி வழிவிடும் ஈய அடைப்பையும் அமைத்தார். அமுக்கத்தைக் காட்ட இரசமானியைப் பொருத்தினார். நீரைச் செலுத்திக் கொதிகலங்களைச் சோதிக்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தார். இன்று உலகெங்கும் நடைபெறும் நீரமுக்கச் சோதனையின் தொடக்கங்களுள் இஃது ஒன்றாம்.

எனினும் நல்வழக்கம் சட்டமாவதற்கு மேலும் பல உயிர்கள் பலியாக நேர்ந்தது. 1905 ஆம் ஆண்டு மார்ச்சு 20 ஆந் தேதி அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் புறொக்ரன் நகரில், சப்பாத்துத் தொழிற்சாலையொன்றின் கொதிகலம் வெடித்ததனால் 58 பேர் இறந்தனர். தகடுகள் ஒன்றன்மேலொன்று படிந்த பொருத்தினுள்ளே கண்ணுக்குப் புலப்படாது வளர்ந்திருந்த வெடிப்பே அதற்குக் காரணமாயிற்று. 1907 இல் அம்மாநிலம் கொதிகலங்களுக்குச் சட்டம் இயற்றியது. பின்னர் அமெரிக்க எந்திரவியலாளர் சங்கம் 1914 ஆம் ஆண்டுப் பதிப்பாகத் தன் கொதிகல விதிக்கோவையை உருவாக்கியது.

நீரைத் தெரிந்தமைக்குக் காரணம்

கலமொன்றின் சுவரைத் தள்ளுவது அமுக்கமே. அவ்வமுக்கம் காற்றாலாயினும் நீராலாயினும் சுவர் தாங்கும் தகைப்பு ஒன்றே. அடைபட்ட பாய்பொருளில் ஓரிடத்து ஏற்படும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிச் செலுத்தப்படுமென்னும் பாசுக்கலின் விதி இரண்டிற்கும் பொது. ஆகவே வலிமையை அளத்தற்கு இரண்டும் ஒக்கும். வேறுபாடு, கலம் உடையும் கணத்திலேயே வெளிப்படுகின்றது.

ஒரு கன மீற்றர், அதாவது 1000 இலீற்றர், கொள்ளுங் கலமொன்றை எடுத்துக்கொள்க. அதனை நீரால் நிரப்பி, வளிமண்டல அமுக்கத்துக்கு மேலாக ஏறத்தாழப் பத்து வளிமண்டல அமுக்கத்தை ஏற்றினால், நீர் தன் கனவளவில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கே சுருங்கும். அதாவது அரை இலீற்றர் நீரை மேலதிகமாகப் பம்பியினால் செலுத்தினாலே போதும். நீரில் இவ்வாறு தேங்கும் சக்தி ஏறத்தாழ 230 யூல் மட்டுமே. 23 கிலோகிராம் எடையை ஒரு மீற்றர் உயர்த்த அச்சக்தி போதுமானது.

அதே கலத்தைக் காற்றால் அதே அமுக்கத்துக்கு நிரப்பின் நிலைமை முற்றும் வேறாகும். வெளியிலுள்ள பத்துக் கன மீற்றர் காற்று கலத்தினுள் நெருக்கித் திணிக்கப்படல் வேண்டும். கலம் உடையுங்கால் அக்காற்று விரிந்து வெளியிடக்கூடிய சக்தி ஏறத்தாழ 14 இலட்சம் யூல் ஆகும். அஃது ஒரு தொன் பாரத்தை 140 மீற்றர் உயரத்துக்கு எறியவல்லது. இரண்டிற்குமிடையே ஏறக்குறைய ஆறாயிரம் மடங்கு வேறுபாடு உளது. கலத்தின் சுவர் விரிவதால் அதில் தேங்கும் சக்தியைச் சேர்த்துக் கணித்தாலும் முடிவு பெரிதும் மாறாது. காற்று நிரம்பிய கலம் உடைந்தால் வெடிக்கின்றது; நீர் நிரம்பிய கலம் உடைந்தால், பெரும்பாலும், ஒழுகுகின்றது.

இங்கு கூறியது குளிர்ந்த நீருக்கே உரியது. பத்து வளிமண்டல அமுக்கத்தில் இயங்கும் கொதிகலத்தினுள் நீர் ஏறத்தாழ 180 பாகை செல்சியசு வெப்பநிலையில் இருக்கும். அக்கலம் பிளவுறின் அமுக்கம் திடீரென வீழ, நீரின் ஒரு பகுதி கணத்தில் நீராவியாகப் பொங்கும். கொதிகலத்தைக் கொல்வதும் அதனைக் காப்பதும் ஒரே நீரே; வெப்பமே இரண்டையும் வேறுபடுத்துவது.

சோதிக்கும் முறை

சோதனை எளியதாகத் தோன்றினும் ஒவ்வொரு படியிலும் ஒரு காரணம் அடங்கியுள்ளது. நீர் கலத்தின் அடிப்புறத்தாற் செலுத்தப்படும். மேற்புறத்து வாயில் திறந்திருக்கும். உள்ளே உள்ள காற்று முழுவதும் வெளியேறுதற்பொருட்டே இவ்வேற்பாடு. எங்கேனும் ஒரு மூலையிற் காற்று தங்கிவிடின், மேற்கூறிய ஆபத்து அந்த அளவுக்கு மீண்டுவிடும். கலம் நிரம்பியபின் அமுக்கம் படிப்படியாக உயர்த்தப்படும். அமெரிக்க விதிக்கோவைகளின்படி தொழிற்சாலைக் குழாய்கள் வடிவமைப்பு அமுக்கத்தின் 1.5 மடங்கில் சோதிக்கப்படுகின்றன. அமுக்கக் கலங்களுக்கும் நெடுங்காலம் அவ்வளவே வழங்கியது. 1999 முதல் அவற்றுட் பெரும் வகுப்புக்கு அது 1.3 மடங்காகக் குறைக்கப்பட்டது. குறித்த அமுக்கத்தில் கலம் சிறிதுநேரம் வைக்கப்பட, அமுக்கமானி வீழ்கின்றதா என்பதும், பொருத்துக்களிற் கசிவு உண்டா என்பதும் நோக்கப்படும்.

நீரின் பாரமும் கருதற்பாலது. ஒரு கன மீற்றர் நீர் ஒரு தொன் எடையுடையது. வாயுவைத் தாங்குதற்கென அமைத்த தூண்கள் நீரைத் தாங்காமல் முறிதலும் கூடும். மலைச்சரிவிற் செல்லும் குழாயில் ஒவ்வொரு பத்து மீற்றர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் மிகும். ஆதலின் உச்சியிற் போதியதாகத் தோன்றும் அமுக்கம் அடிவாரத்தில் மிகையாகலாம். சோதனை முடிந்து நீரை வடிக்கும்போது மேல்வாயிலைத் திறவாதுவிடின், உள்ளே வெற்றிடந் தோன்றி மெல்லிய சுவருடைய கலம் நசுங்கிப்போகும்.

வாயு உருளைகளுக்கு வேறொரு நுட்பமும் உண்டு. உருளையை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, உள்ளே அமுக்கம் ஏற்ற, அது விரிந்து வெளியேற்றும் நீர் அளக்கப்படும். அமுக்கத்தை நீக்கியபின் உருளை பழைய அளவுக்கு மீளாது எஞ்சிநிற்கும் விரிவு, மொத்த விரிவின் 10 சதவீதத்தை விஞ்சின், அமெரிக்க விதிகளின்படி அவ்வுருளை பொதுவாகக் கழிக்கப்படும். உடையாத உருளையும் தன் தளர்ச்சியை இவ்வாறு நீருக்கு அறிவிக்கின்றது.

கொமெற் விமானம் கற்பித்த பாடம்

நீரமுக்கச் சோதனையின் சிறப்பையும் குறைவையும் ஒருங்கே காட்டிய நிகழ்ச்சி கொமெற் விமானத்தினதாகும். தாரை எந்திரத்தால் இயங்கிய இவ்விமானம் 1952 மே மாதத்தில் பிரயாணிகளை ஏற்றத் தொடங்கியது. உயரே பறக்கும் விமானத்தினுள் மக்கள் மூச்சுவிடும் பொருட்டு அமுக்கம் பேணப்படுவதால், அதன் உடல் ஓர் அமுக்கக் கலமேயாம். 1954 சனவரி 10 ஆந் தேதி எல்பாத் தீவினருகே ஒரு கொமெற் வானிற் சிதறி 35 பேர் இறந்தனர். ஏப்பிரில் 8 ஆந் தேதி நேப்பிள்சுக்குத் தெற்கே மற்றொன்று வீழ்ந்து 21 பேர் இறந்தனர்.

சேர் ஆணல்ட் ஹோல் அவர்களின் தலைமையில் பாண்பறோ விமான ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு முழு விமானத்தின் உடலைச் சுற்றிப் பெரிய தொட்டியொன்றை அமைத்து, உள்ளும் புறமும் நீரால் நிரப்பினர். ஒவ்வொரு பறப்பிலும் அமுக்கம் ஏறி இறங்குவதுபோலவே நீரை மீண்டும் மீண்டும் செலுத்தினர். அவ்விமானம் முன்னரே 1,221 பறப்புக்களைக் கண்டிருந்தது. தொட்டியில் மேலும் 1,836 முறை அமுக்கம் ஏறி இறங்க, 1954 சூன் மாதத்தில், உடலிலிருந்த ஒரு திறப்பின் மூலையில் தொடங்கிய வெடிப்பினால் பிளந்தது. காற்றைக் கொண்டு சோதித்திருப்பின் அவ்வுடல் துண்டு துண்டாகச் சிதறி, வெடிப்பு எங்குத் தொடங்கியதென்பதும் மறைந்திருக்கும். நீரோ அழிவை நிறுத்திச் சான்றைப் பேணிற்று. கடலிலிருந்து மீட்கப்பட்ட சிதைவுகளிலும் கூரையிலிருந்த திறப்பின் மூலையிலேயே வெடிப்புக் காணப்பட்டமை அதனை உறுதிப்படுத்தியது. பன்முறை தாங்கிய சிறு சுமைகளால் உலோகம் களைத்தமையே காரணமெனத் தெளிவாயிற்று.

இதனினும் ஆழ்ந்த பாடமொன்றும் உண்டு. விமானத்தை ஆக்கியோர் முன்னரே உடற்பகுதியொன்றைச் சோதித்திருந்தனர். அது பதினாயிரத்துக்கு மேற்பட்ட முறை தாங்கியது. ஆனால் அதே பகுதி அதற்குமுன் வழக்கமான அமுக்கத்தின் இருமடங்குக்கு உட்படுத்தப்பட்டிருந்தது. அப்பெருஞ் சுமையால் மூலைகளிலிருந்த உலோகம் சற்று நெகிழ்ந்து, வெடிப்பு வளர்தலைத் தடுக்கும் நிலையை எய்தியது. சோதனை தானே சோதிக்கப்பட்ட பொருளுக்கு வலுவூட்டிவிட்டது. பிரயாணிகளை ஏற்றிய விமானங்களுக்கோ அவ்வலு வாய்க்கவில்லை.

நீரின் எல்லை

நீர் இருப்பதாலேயே அச்சமில்லையெனக் கருதுதலும் பிழை. நீரில் தேங்கும் சக்தி ஏறத்தாழ அமுக்கத்தின் வர்க்கத்துக்கு நேர்விகித சமன். அமுக்கம் பத்துமடங்காயின் சக்தி நூறுமடங்காகும். 1965 திசெம்பரில் இங்கிலாந்தில், அமோனியாத் தொழிற்சாலையொன்றிற்கெனச் செய்யப்பட்ட தடித்த சுவருடைய பெருங்கலம் நீரமுக்கச் சோதனையின்போதே, குறித்த அமுக்கத்தை எட்டுமுன், நொறுங்கி உடைந்தது. ஏறக்குறைய இரண்டு தொன் எடையுள்ள துண்டொன்று நாற்பது மீற்றருக்கு அப்பால் எறியப்பட்டது. ஒட்டுப்போட்ட இடத்தருகே இருந்த சிறு வெடிப்பும், ஒட்டியபின் தகைப்பை நீக்கும் வெப்பப் பரிகரிப்பு வேண்டிய அளவு அமையாமையும் காரணங்களாயின. குளிரில் உருக்கு நொறுங்குமியல்பு பெறுமாதலின், நீரின் வெப்பநிலையும் இன்று கவனிக்கப்படுகின்றது. சோதனையின்போது ஆட்கள் அப்பால் நிறுத்தப்படுகின்றனர்.

ஆகவே நீரமுக்கச் சோதனையில் தேறிய கலம் அன்று வலியுடையதென்பதே அச்சோதனை கூறும் செய்தி. நாளை துருப்பிடித்தலையும், பல்லாயிர முறை அமுக்கம் ஏறியிறங்குதலால் வரும் களைப்பையும் அஃது அறியாது. இதனாலேயே வாயு உருளைகளிற் சோதித்த தேதி பொறிக்கப்படுகின்றது. குறித்த ஆண்டுகள் கழிந்ததும் அவை மறுபடியும் நீருக்குட் செல்கின்றன. ஒருமுறை பெற்ற சான்றிதழை என்றைக்கும் போதுமெனக் கொள்வோர் கலத்தை நம்புகின்றாரல்லர்; காகிதத்தையே நம்புகின்றனர். வலியறிதல் ஒருநாட் செயலன்று. கலம் பயன்படுங்காலமெல்லாம் தொடரவேண்டிய கடமையாகும்.