தொண்டையில் எலும்பா... எமனா?

ஹாஸ்டல் இருந்தால் மெஸ் இருக்கும். மெஸ் இருந்தால் வாசலில் நாய் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி என்றால் எலும்பு யாருக்கு என்று உங்களுக்கே தெரியும். அதனால் ஒரு நாய் வாயைப் பிளந்து எச்சில் ஒழுக நின்றால், "எலும்பு மாட்டிக்கிச்சுடா, எடுத்து விடலாம்" என்று இரக்கக்கார நண்பன் ஒருவன் கையை நீட்டுவான். நண்பர்களே, அந்தக் கை நாயின் வாய்க்குள் போகும் முன் கொஞ்சம் நில்லுங்கள்.

தொண்டை என்பது இரண்டு பைப் பிரியும் இடம். ஒன்று மூச்சுக்குழாய், மற்றது உணவுக்குழாய். விழுங்கும்போது மூச்சுக்குழாயை ஒரு மூடி அடைத்துக்கொள்ளும். மெக்கானிகல்காரர்கள் வால்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெந்த கோழி எலும்பு கூராகப் பிளந்து உணவுக்குழாயில் சிக்கினால், நாய் ஓங்கரிக்கும், கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கப் பார்க்கும். மூச்சு வரும்; அன்றைக்கே கால்நடை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். மூச்சுக்குழாய் அடைத்தால் விஷயம் நிமிடக் கணக்கு. திணறும், முன்னங்காலால் வாயைப் பிறாண்டும், நாக்கு நீலமாகும். தடுப்பூசி போட்ட வீட்டு நாய், அதுவும் சின்னது என்றால், பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கலாம். பெரியது என்றால் பின்னாலிருந்து அணைத்து, விலா எலும்புக்குக் கீழே முஷ்டியை வைத்து மேல்நோக்கி வெடுக்கென்று அழுத்தலாம்.

வறட்டு இருமல் இருமி, கடைசியில் வெள்ளை நுரை கக்குவது வேறு சமாச்சாரம். அது பெரும்பாலும் தொற்று இருமல். நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடும் நாய்க்கு ஒன்றிரண்டு, மிஞ்சினால் மூன்று வாரத்தில் சரியாகும். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு, மற்ற நாய்களிடமிருந்து பிரித்து வைத்தால் நல்லது. நம்ம இருமல் மருந்தை ஊற்றாதீர்கள்.

இனிதான் எமன். வெறிநாய் என்றால் ஓடி ஓடிக் கடிக்கும் என்றே நமக்கு நினைப்பு. சாதுவாகப் படுத்துக்கிடக்கும் ரேபிஸும் உண்டு. கிருமி மூளைக்குப் போனதும் தாடையும் தொண்டையும் செயலிழக்கும். கீழ்த்தாடை தொங்கும், விழுங்க முடியாமல் எச்சில் வழியும், குரைப்பே மாறிப்போகும். பார்த்தால் அச்சு அசல் எலும்பு மாட்டினது மாதிரியே இருக்கும்! எலும்பு என்றால் சாப்பிடும்போது திடீரென்று வரும், நாய் பதறும். இது மெல்ல மெல்ல வரும், நாய் பேசாமல் மூலையில் ஒதுங்கும். ஆனால் இந்த வித்தியாசத்தை நம்பி வாய்க்குள் கைவிடுவது முட்டாள்தனம். அது கடிக்கவே வேண்டாம். விரலில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும். தெருநாய் இப்படி இருந்தால் எட்ட நின்று கால்நடை ஆஸ்பத்திரிக்கோ நகராட்சிக்கோ சொல்லுங்கள்.

எச்சில் பட்டுவிட்டதா? சோப்புப் போட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயந்து ஒளியாதீர்கள். அந்தப் பழைய மருந்தின் தயாரிப்பு இந்தியாவில் 2004-ஆம் ஆண்டோடு நின்றுபோச்சு. இப்போது கையில்தான் போடுகிறார்கள், நாலைந்து தடவை. நோய் வெளியே தெரியட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். தெரிந்தபின் பிழைத்தவர்களை உலகம் முழுக்கத் தேடினாலும் விரல்விட்டு எண்ணலாம்.