மழலையர் தம் வளர்ச்சியைத் தாமே அறிதல்

கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து தாம் எவ்வளவு வளர்ந்திருக்கிறோம் என்பதை மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் பழைய துணி, நிழற்படம், எடைக் குறிப்பு, வீட்டுப் பெரியவர்களின் நினைவு ஆகியவற்றின் வழியாகக் கண்டறிவது முன்பருவக் கல்விச் செயல்பாடுகளுள் ஒன்றாகும். திண்டுக்கல் வட்டாரத்தில் இதற்கு ஏற்ற இடம், மக்கள் இன்றும் பால்வாடி என்றே அழைக்கும் அங்கன்வாடி மையம். பல குழந்தைகளின் எடையும் உயரமும் பிறந்த சில மாதங்களிலிருந்தே அங்கே பதிவாகி வருகின்றன. ஆனால் அந்தப் பதிவு பணியாளருக்கும் தாய்க்கும் மட்டுமே உரியதாகிவிடுகிறது. வளர்ந்த குழந்தைக்கு அதை யாரும் காட்டுவதில்லை.

எடை பார்க்கும் வழக்கம்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று இந்தியாவில் தொடங்கியது. தமிழகச் சிற்றூர்களில் மாதந்தோறும் எடை பார்ப்பது பரவலானதற்கு வேறொரு திட்டமும் காரணம். உலக வங்கியின் உதவியுடன் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், முதலில் மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்தது. திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. 1985 செப்டம்பர் 15 அன்றுதான் தனி மாவட்டமானது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதம் ஒருமுறை நிறுத்து, எடையை அட்டையில் கோடாக வரைந்தனர். கோடு ஏறாமல் நின்ற குழந்தைக்குக் கூடுதல் சத்துணவு கொடுத்து, தேறியதும் நிறுத்தினர். குழந்தை எவ்வளவு கனம் என்பதைவிட, போன மாதத்தைவிட ஏறியிருக்கிறதா என்பதே அங்கே கேள்வி. குழந்தைகளுக்கு வளர்ச்சியைச் சொல்லித்தரவும் இதைவிட நல்ல கேள்வி கிடைப்பது அரிது.

குழந்தையின் பார்வையில்

தான் பாப்பாவாக இருந்தது குழந்தைக்கு நினைவில் இருக்காது. படத்தில் தொட்டிலில் கிடப்பது தான்தான் என்று சொன்னால், "இல்லை, அது தம்பி" என்று மறுப்பதும் உண்டு. இவ்வயதினர் உயரத்தையும் வயதையும் ஒன்றாகவே எண்ணுகின்றனர் என்பதை ழான் பியாஜே விளக்கியுள்ளார். கூன் விழுந்த அப்பத்தாவையும் நெடிய அப்பாவையும் நிறுத்தி யார் பெரியவர் என்று கேட்டால் அப்பாவைக் காட்டும். இதைத் தவறு என்று திருத்துவதைவிட, அப்பத்தாவையே பேசவைப்பது பலன் தரும்.

செய்முறை

பிறந்த குழந்தையின் நீளம் ஏறக்குறைய 50 செ.மீ. அந்த அளவுக்கு ஒரு நாடாவை வெட்டிக் குழந்தையின் கையில் கொடுக்கலாம். நான்கு வயதில் உயரம் 100 செ.மீ.க்குச் சற்று மேல். ஆகவே நாடாவைக் காலடியில் இருந்து இருமுறை வைத்தால் தலை அருகே வந்துவிடும். மூன்று கிலோ அரிசிப் பையை மடியில் வைத்து, "நீ இவ்வளவுதான் இருந்தாய்" என்று சொல்லலாம். அந்த எடை ஐந்து மாதத்தில் ஏறத்தாழ இரு மடங்கும், ஓராண்டில் மூன்று மடங்கும் ஆகிறது. கைக்குள் நுழையாத காப்பு, இடுப்புக்குப் போதாத அரைஞாண், பழைய சேலையில் கட்டிய தூளி, பழனியில் மொட்டை போட்டபோது எடுத்த படம் எல்லாம் இங்கே பாடப்பொருள்களே.

வளர்ச்சி என்பது அளவு மட்டுமன்று. பிள்ளைத்தமிழ் இலக்கியம் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரை, ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி எனக் குழந்தை புதிதாகச் செய்யும் செயலைக் கொண்டே பருவங்களைப் பிரித்தது. கவிழ்ந்தது, தவழ்ந்தது, முதல் சொல் பேசியது ஆகியவற்றை அம்மாச்சி சொல்ல, குழந்தைகள் அதை நடித்துக்காட்டுவர். வகுப்பு முழுவதும் தவழும் நாள் அதுவாகத்தான் இருக்கும். பிறகு "அப்போது முடியாதது, இப்போது முடிவது எது?" என்று கேட்டால் செருப்பு மாட்டுவது முதல் தானே சோறு உண்பது வரை விடைகள் வரும்.

ஒப்பீடும் கண்ணேறும்

குழந்தைகளை உயர வரிசையில் நிற்கவைப்பது இச்செயல்பாட்டைக் கெடுக்கும் எளிய வழி. குட்டையான குழந்தைக்கு அன்றே ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு குழந்தையும் தன் பழைய அளவோடு மட்டுமே ஒப்பிடப்பட வேண்டும். எடையைப் பலர் முன் சொன்னால் கண் படும் என்று தயங்கும் தாய்மார்களும் உண்டு. அவர்களிடம் தனியே பேசலாம். எடை ஏறாத குழந்தையைக் குறித்துப் பெற்றோரிடமும் சுகாதாரச் செவிலியரிடமும் பேசவேண்டும், வகுப்பில் அல்ல.

எல்லா வீட்டிலும் பாப்பா படம் இருப்பதில்லை. பிழைப்புக்காக ஊர் மாறிய குடும்பங்களில் அட்டையும் தொலைந்திருக்கும். தாயில்லாப் பிள்ளையிடம் பழைய கதையைக் கேட்டுவரச் சொல்வது கொடுமை. இத்தகைய குழந்தைகளுக்கு இன்றையிலிருந்தே தொடங்கலாம்: ஜூன் மாதத்தில் சுவரில் ஒரு கோடும், தாளில் உள்ளங்கை அச்சும். இவ்வயதில் ஆண்டுக்கு ஏறக்குறைய 7 செ.மீ. வளர்வதால், டிசம்பரில் பழைய கோட்டுக்கு மேலே இரண்டு விரல் அளவு இடைவெளி தெரியும்.