48 மணி நேரத்தில் ஓர் ஆட்டம்

அவலூர்பேட்டைக்காரர்களுக்குச் செஞ்சிக் கோட்டையை யாரும் வர்ணித்துச் சொல்ல வேண்டியதில்லை. ராஜகிரியின் படிகளில் மூச்சிரைக்க ஏறியவர்கள், உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்னால் பாறை பிளந்து கிடக்கும் இடத்தையும், அந்தப் பிளவின்மேல் போட்டிருக்கும் பாலத்தையும் மறந்திருக்க மாட்டார்கள். பாலத்தை அகற்றிவிட்டு, தாண்டு பார்க்கலாம் என்று ஒரு சிறு உருவத்தை அந்த விளிம்பில் நிறுத்தினால், ஒரு வீடியோ கேமுக்கு வேண்டிய விஷயம் அதிலேயே வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட ஆட்டமொன்றை இரண்டு மூன்று நாட்களுக்குள் ஆக்கி முடிக்க வேண்டும் என்று நடத்தப்படும் போட்டிகளைத்தான் கேம் ஜாம் என்கிறார்கள்.

இவற்றுள் பழமையானவற்றில் ஒன்று, 2002-இல் தொடங்கிய லுடம் டேர். பங்குகொள்வோரின் வாக்கெடுப்பால் தேர்ந்த கருப்பொருளை அறிவித்த நிமிஷத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். தனியாளாகச் சேர்பவர் நிரல், சித்திரம், சங்கீதம் யாவற்றையும் 48 மணி நேரத்தில் தாமே செய்து, மூல நிரலையும் பகிரங்கப்படுத்த வேண்டும். குழுவாகச் சேர்பவர்களுக்கு 72 மணி நேரம் உண்டு. 2009 முதல் ஆண்டுதோறும் நடந்துவரும் குளோபல் கேம் ஜாமில், 2013-ஆம் ஆண்டு, சொல்லாக எதையும் தராமல் இதயத் துடிப்பின் ஓசையையே கருப்பொருளாகக் கொடுத்துவிட்டார்கள்!

இத்தனை குறுகிய அவகாசத்தில் வேலை எப்படி முன்னேறுகிறது என்பதே நாம் கவனிக்கத்தக்கது. பழக்கமில்லாத இளைஞன், செஞ்சி என்றதும் உற்சாகம் மேலிட்டு, தேசிங்கு ராஜனின் குதிரையை வரைய உட்காருவான். பிறகு கல்யாண மகால், களஞ்சியம், மதில் என்று விஸ்தரித்துக்கொண்டே போய், முதல் நாள் இரவு பார்க்கும்போது, அழகான படங்கள் பல இருக்க, விளையாடுவதற்கு மட்டும் ஒன்றும் இல்லாமல் திகைப்பான். கைதேர்ந்தவரோ, குதிரையையும் ராஜாவையும் ஒதுக்கிவைத்து, வெறும் சதுரம் ஒன்றைத் திரையில் நிறுத்தி, அது பள்ளத்தைத் தாண்டுவது ரசமாக இருக்கிறதா என்பதை முதல் சில மணி நேரத்திலேயே பரீட்சித்துவிடுவார்.

அந்தத் தாண்டுதல் ஒன்றிலேயே எத்தனை சூட்சுமம்! எழும்பும்போது இருக்கும் புவியீர்ப்பைவிடக் கீழே இறங்கும்போது அதிகமாக வைத்தால்தான் பலர் கைக்கு அது இயல்பாகப் படுகிறது. விளிம்பைவிட்டுக் கால் நழுவிய பின்னும், பத்தில் ஒரு வினாடி வரை, அதாவது வினாடிக்கு 60 சட்டங்கள் ஓடும் திரையில் ஆறு சட்டங்கள் வரை, பொத்தானை அழுத்தினால் தாவ அனுமதிக்கும் ஒரு தாட்சண்யமும் உண்டு. ஆடுபவர் இதை அறியவே மாட்டார், ஆனால் அதை எடுத்துவிட்டால் ஆட்டம் அநியாயம் செய்கிறது என்று கோபிப்பார். மிச்ச நேரத்தை இத்தகைய நுட்பங்களுக்குச் செலவிட்டு, கடைசிச் சில மணி நேரத்தில் புதிதாக எதையும் சேர்க்காமல், பிறர் கையில் கொடுத்து ஆடச் செய்து, பிழை களைவதே உசிதம்.

அவசரத்தில் பிறந்ததெல்லாம் அற்பாயுசு என்றும் எண்ண வேண்டாம். பின்லாந்தின் அர்வி டெய்காரி 2017 நார்டிக் கேம் ஜாமில் செய்த பாபா இஸ் யூ என்ற புதிர் ஆட்டத்தில், விதிகளே சொற்கட்டைகளாகத் திரையில் கிடக்கும். அவற்றைத் தள்ளி மாற்றினால் ஆட்டத்தின் சட்டமே மாறிவிடும். அந்த ஒரே யோசனை அங்கே பரிசு பெற்று, இரண்டாண்டு உழைப்புக்குப் பின் 2019-இல் முழு ஆட்டமாக வெளிவந்தது.

நம் வாழ்க்கை இந்தக் கலைக்கு ஏற்றதா என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. ஜாமில் பிறந்ததல்லவாயினும், கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் களமாகக் கொண்டு டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட வெண்பா, மறு வருஷம் அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. இட்லியும் புட்டும் உலகத்தாரை ஆட வைத்திருக்க, 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த செஞ்சிக் கோட்டைக்கு அந்தச் சக்தி இல்லாமலா போகும்?

லுடம் டேரில் சேரக் கட்டணம் கிடையாது. ஆட்டம் ஆக்க உதவும் கோடோ என்ற மென்பொருளும் இலவசமே. வீட்டில் மடிக்கணினி வைத்திருக்கும் அவலூர்பேட்டை மாணவர்கள் அடுத்த ஜாம் எப்போது என்று விசாரித்து, ஒரு சதுரத்தோடு தொடங்கிப் பார்க்கட்டும்; பெற்றோரும் அந்த இரண்டு நாட்களுக்கு மட்டும் திட்டாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.