மலை மிதிவண்டியின் முன், பின் டயர்ச் சேர்க்கை

மலை மிதிவண்டி டயர்ச் சேர்க்கை என்பது, கரடுமுரடான தரையில் ஓட்டப்படும் மிதிவண்டியின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உரிய டயர்களை ஒன்றுக்கொன்று பொருந்துமாறு தேர்ந்தெடுக்கும் முறையாகும். சாலை மிதிவண்டிகளில் பெரும்பாலும் இரு சக்கரங்களுக்கும் ஒரே வகை டயரே பொருத்தப்படுகின்றது. மலை மிதிவண்டியில் இரு சக்கரங்களும் செய்யும் வேலை வெவ்வேறானது. ஆகவே அவற்றின் டயர்கள் மேற்பரப்பின் வடிவம், அகலம், ரப்பரின் மென்மை, உட்துணியின் தடிமன், காற்றழுத்தம் ஆகியவற்றில் வேறுபடுவது வழக்கம். பிடிப்பு மிகுந்த டயர் முன்புறமும், எளிதாக உருளும் உறுதியான டயர் பின்புறமும் இருக்க வேண்டும் என்பது பொது விதி. இவ்விதி தலைகீழாகும்போது வண்டியின் வேகம் குறைவதோடு, ஓட்டுபவர் கீழே விழும் வாய்ப்பும் கூடுகின்றது.

வரலாறு

மலை மிதிவண்டியின் தோற்றத்தில் டயருக்கு முக்கிய இடம் உண்டு. அமெரிக்காவின் சுவின் நிறுவனம் 1933 ஆம் ஆண்டில், 2.125 அங்குல அகலமுள்ள பருத்த டயர்களைத் தனது மிதிவண்டிகளில் அறிமுகப்படுத்தியது. இத்தகைய டயர்கள் கொண்ட பழைய மிதிவண்டிகளை, 1970களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியைச் சேர்ந்த இளைஞர்கள் மலைச்சரிவுகளில் ஓட்டத் தொடங்கினர். அங்கு ஃபேர்ஃபேக்ஸ் நகருக்கு அருகில் 1976 இல் ரீபேக் என்னும் இறக்கப் பந்தயம் தொடங்கியது. சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் ஆகியோர் அதனுடன் தொடர்புடையவர்களுள் சிலர். அக்காலத்தில் இரு சக்கரங்களுக்கும் ஒரே வகை டயரே பயன்பட்டது.

முன், பின் சக்கரங்களுக்கெனத் தனித்தனியே வடிவமைக்கப்பட்ட டயர்கள் பின்னரே பரவின. 1990களின் தொடக்கத்தில் பரவலாகப் பயன்பட்ட சப்பானின் பேனரேசர் நிறுவன டயர்களில், டார்ட் முன்சக்கரத்துக்கும் சுமோக் பின்சக்கரத்துக்கும் உரியவை. தைவானின் செங் சின் நிறுவனத்தைச் சேர்ந்த மேக்சிசு, மினியன் என்னும் டயரை டி.எச்.எஃப்., டி.எச்.ஆர். என இரு வடிவங்களில் வெளியிட்டது. இவற்றின் இறுதி எழுத்துகள் முறையே முன், பின் என்பவற்றின் ஆங்கிலச் சொற்களைக் குறிக்கின்றன.

இரு சக்கரங்களின் வேலை

மிதிவண்டி தானாக நிமிர்ந்து நிற்பதில்லை. வண்டி எப்பக்கம் சாய்கின்றதோ அப்பக்கம் முன்சக்கரத்தைத் திருப்பி, சக்கரங்களை மீண்டும் உடலின் எடைக்குக் கீழே கொண்டுவருவதன் மூலமே சமநிலை காக்கப்படுகின்றது. இத்திருத்தம் ஓட்டத்தின்போது இடைவிடாமல் நடைபெறுகின்றது. முன் டயர் தரையில் பிடிப்பை இழந்தால், கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. எனவே வழுக்கலுடன் சமநிலையும் சேர்ந்தே போய்விடுகின்றது. இது பெரும்பாலும் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நிகழ்வதால் ஓட்டுபவர் கையை ஊன்றி விழ நேர்கின்றது. மணிக்கட்டும் காறை எலும்பும் முறிவது இவ்வகை விழுதலின் வழக்கமான விளைவுகளாகும்.

பின்சக்கரம் வழுக்கும்போது நிலைமை வேறு. வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் விலகினாலும் முன்சக்கரத்தின் பிடிப்பு எஞ்சியிருப்பதால், கைப்பிடியைத் திருப்பியும் உடலை நகர்த்தியும் வண்டியை நேராக்க முடியும். பயிற்சி பெற்றவர்கள் வளைவுகளில் இவ்வழுக்கலை வேண்டுமென்றே பயன்படுத்துவதும் உண்டு. ஆகவே இரண்டில் ஒன்று முதலில் வழுக்க வேண்டும் என்றால் அது பின்சக்கரமாக இருப்பதே பாதுகாப்பானது. முன்புறம் பிடிப்பு மிகுந்த டயரைப் பொருத்துவதன் அடிப்படை இதுவேயாகும்.

எடைப் பகிர்வு

சமதளத்தில் அமர்ந்து மிதிக்கும்போது மொத்த எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு பின்சக்கரத்தின் மீதும், எஞ்சியது முன்சக்கரத்தின் மீதும் இருக்கும். பிரேக் பிடிக்கும்போது இப்பகிர்வு பெரிதும் மாறுகின்றது. எடுத்துக்காட்டாக, ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 90 கிலோகிராம் எனவும், சக்கரங்களின் அச்சுகளுக்கு இடையேயுள்ள தொலைவு 1.2 மீட்டர் எனவும், எடை மையத்தின் உயரம் 1.1 மீட்டர் எனவும் கொள்ளலாம். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியளவு வேகக்குறைப்பு ஏற்படுமாறு பிரேக் பிடித்தால், ஏறத்தாழ 41 கிலோகிராம் எடை பின்னிருந்து முன்னுக்கு மாறும். முன்சக்கரத்தின் சுமை 36 இலிருந்து 77 கிலோகிராமாக உயர, பின்சக்கரத்தின் சுமை 54 இலிருந்து 13 கிலோகிராமாகக் குறையும்.

ஓட்டுபவர் உடலைப் பின்னே தள்ளுவதன் மூலம் இம்மாற்றத்தை ஓரளவு குறைக்கலாம். ஆயினும் வேகக்குறைப்பின் பெரும்பகுதியை முன் டயரே செய்கின்றது என்பது மாறாது.

உருளல் தடை

டயர் உருளும்போது ரப்பரும் உட்துணியும் நசுங்கி மீள்வதால் ஆற்றல் இழப்பு ஏற்படுகின்றது. இதுவே உருளல் தடை எனப்படும். இத்தடை டயரின் மீதுள்ள சுமைக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் அமையும். மிதிக்கும்போது பின்சக்கரமே கூடுதல் சுமையைத் தாங்குவதால், எளிதாக உருளும் டயரைப் பின்னே பொருத்துவதே கூடுதல் பயன் தரும்.

மேற்கூறிய 90 கிலோகிராம் எடைக்கு, பிடிப்பு மிகுந்த டயரின் உருளல் தடைக் கெழு 0.010 எனவும், எளிதாக உருளும் டயரின் கெழு 0.007 எனவும் வைத்துக்கொண்டால், இரண்டும் பிடிப்பு டயர்களாக உள்ளபோது மொத்தத் தடை ஏறத்தாழ 8.8 நியூட்டன் ஆகும். பின் டயரை மட்டும் மாற்றினால் இது 7.2 நியூட்டனாகவும், முன் டயரை மட்டும் மாற்றினால் 7.8 நியூட்டனாகவும் குறையும். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் பின்புற மாற்றம் 8 வாட் திறனையும், முன்புற மாற்றம் 5 வாட் திறனையும் மிச்சப்படுத்தும். முன் டயரின் பிடிப்பை விட்டுக்கொடுப்பதால் கிடைக்கும் ஆதாயம் சிறிது. அதன் இடர் பெரிது.

டயரின் கூறுகள்

கட்டைகள்: டயரின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டைகள் பேச்சு வழக்கில் பட்டன் எனப்படுகின்றன. நடுக்கட்டைகள் நேராகச் செல்லும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் தரையைத் தொடுகின்றன. ஓரக்கட்டைகள் வண்டி சாயும்போது வளைவுகளில் பிடிப்பைத் தருகின்றன. முன் டயரில் உயரமான, உறுதியான ஓரக்கட்டைகள் தேவை. பின் டயரில் நடுக்கட்டைகள் தாழ்வாகவும் நெருக்கமாகவும் இருந்தால் உருளல் எளிதாகும். எனினும் ஓரக்கட்டைகள் போதிய அளவு இருக்க வேண்டும். முன்சக்கரம் மிதிவிசையைப் பெறுவதில்லை. அதன் கட்டைகள் பிரேக் விசையையும் பக்கவாட்டு விசையையும் மட்டுமே தாங்குகின்றன. பின்சக்கரத்தின் கட்டைகள் இவற்றோடு மிதிவிசையையும் தரைக்குக் கடத்த வேண்டும். பல டயர்களின் பக்கவாட்டில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருப்பதற்கும், சிலவற்றில் முன், பின் சக்கரங்களுக்கு எதிரெதிர்த் திசைகள் குறிக்கப்படுவதற்கும் இதுவே காரணமாகும்.

ரப்பர்: மென்மையான ரப்பர் கல், வேர் ஆகியவற்றின் மேடுபள்ளங்களில் பதிந்து நன்கு பிடிக்கும்; ஆனால் விரைவில் தேய்ந்து, உருளல் தடையையும் கூட்டும். ஆகவே ஒரே டயரை மென்மை மாறுபட்ட ரப்பர்களில் விற்கும் நிறுவனங்களிடமிருந்து, மென்மையானதை முன்னுக்கும் சற்றுக் கடினமானதைப் பின்னுக்கும் வாங்குவது வழக்கம்.

உட்துணி: கூர்மையான கல்லில் மோதும்போது டயர் நசுங்கி, கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே சிக்கிக் கிழிகின்றது. முன்சக்கரத்தை ஓட்டுபவர் கைகளால் தூக்கித் தடையைக் கடக்க இயலும். பின்சக்கரம் பெரும்பாலும் முழுச் சுமையுடன் அதே கல்லில் மோதும். எனவே பின் டயருக்குத் தடித்த உட்துணி ஏற்றது.

அகலம்: முன் டயர் பின் டயரின் அகலத்தை ஒத்தோ சற்று மிகுந்தோ இருக்கலாம். முன்னே 2.5 அங்குலமும் பின்னே 2.4 அல்லது 2.3 அங்குலமும் பரவலான சேர்க்கையாகும். பின்புறச் சட்டகத்துக்கும் டயருக்கும் இடையே சேறு விழுந்து நகர இடம் வேண்டும் என்பதும் பின் டயரின் அகலத்தை வரையறுக்கின்றது.

சக்கர அளவு

டயர் ரிம்மில் அமரும் விட்டம் 29 அங்குலச் சக்கரத்துக்கு 622 மில்லிமீட்டர், 27.5 அங்குலத்துக்கு 584 மில்லிமீட்டர், 26 அங்குலத்துக்கு 559 மில்லிமீட்டர் ஆகும். டயரின் மீது 61-622 என அச்சிடப்பட்டிருந்தால் முதல் எண் அகலத்தையும் இரண்டாம் எண் இவ்விட்டத்தையும் குறிக்கும். இரண்டாம் எண் ரிம்முடன் ஒத்துப்போகாத டயரைப் பொருத்த இயலாது. முன்னே 29 அங்குலமும் பின்னே 27.5 அங்குலமும் கொண்ட மிதிவண்டிகளும் உள்ளன. பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் 2019 இல் தன் விதிகளைத் திருத்தி, மலை மிதிவண்டிப் போட்டிகளில் இவ்வகை வண்டிகளை அனுமதித்தது.

காற்றழுத்தம்

ஒரே அழுத்தத்தை இரு டயர்களிலும் வைப்பது பொருத்தமன்று. பின்சக்கரத்தின் சுமை கூடுதலாதலால், அதில் சதுர அங்குலத்துக்கு 2 முதல் 3 பவுண்டு வரை கூடுதல் அழுத்தம் வைக்கப்படுகின்றது. ட்யூப் இல்லாத, 2.4 அங்குல அகலமுள்ள டயர்களில் ஏறத்தாழ 75 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் முன்னே 22, பின்னே 25 பவுண்டு எனத் தொடங்கி, தரைக்கேற்பச் சிறிது சிறிதாக மாற்றலாம். ரிம் கல்லில் இடிபடும் ஓசை கேட்டால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். சிறு கற்களின் மீது டயர் துள்ளினால் குறைக்க வேண்டும். ட்யூப் உள்ள டயர்களில் இவ்வளவு குறைந்த அழுத்தம் ட்யூப் கிழிய வழிவகுக்கும். புதிய டயர் பிடிக்கவில்லை என முடிவு செய்யுமுன் அழுத்தத்தைச் சரிபார்ப்பது செலவில்லாத சோதனையாகும்.

தரைக்கேற்ற சேர்க்கைகள்

நெடுந்தொலைவுப் பந்தயம்: இரு டயர்களும் இலகுவானவை. சுவால்பே நிறுவனத்தின் ரேசிங் ரே முன்சக்கரத்துக்கும், ரேசிங் ரால்ஃப் பின்சக்கரத்துக்கும் என இணையாக வடிவமைக்கப்பட்டவை.

பொதுவான காட்டுப் பாதை: முன்னே மினியன் டி.எச்.எஃப்., பின்னே தாழ்ந்த நடுக்கட்டைகள் கொண்ட அக்ரசர் என்பது நெடுநாள் வழக்கிலுள்ள சேர்க்கை.

செங்குத்தான இறக்கம்: பின் டயரும் பிரேக் பிடிக்க உதவ வேண்டியிருப்பதால் இங்கு உருளல் தடை இரண்டாம் இடத்தையே பெறுகின்றது. முன்னே அசெகாய், பின்னே மினியன் டி.எச்.ஆர். 2 என்பது பரவலான எடுத்துக்காட்டு. தென்னாப்பிரிக்க வீரர் கிரெக் மின்னாரின் பங்களிப்புடன் அசெகாய் உருவாக்கப்பட்டது.

சேறு: உயரமான, இடைவெளி மிகுந்த கட்டைகள் தேவை. நெருங்கிய கட்டைகளுக்கிடையே சேறு அப்பிக்கொண்டால் டயர் வழவழப்பாகிவிடும். ஈரமான மண்ணில் ஏற்றமும் இருந்தால் பின் டயரிலும் கட்டைகள் உயரமாக இருக்க வேண்டும். இல்லையேல் சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலும்.

இறுகிய தரை, குதிப்புத் தடம்: இங்கு இரு சக்கரங்களிலும் ஒரே வகைத் தாழ்ந்த கட்டை டயர்கள் போதுமானவை.

எவ்வகைத் தரையிலும் முன், பின் டயர்களுக்கிடையேயுள்ள வேறுபாடு அளவு கடக்கக் கூடாது. பின் டயர் மிக வழவழப்பானதாயின் ஒவ்வொரு வளைவிலும் வழுக்கி, பிரேக் பிடிக்கும் தொலைவை நீட்டிக்கும்.

தேய்மானமும் மாற்றுதலும்

மிதிவிசையும் கூடுதல் சுமையும் பூட்டிய பிரேக்கினால் ஏற்படும் இழுபடலும் சேர்வதால், பின் டயர் முன் டயரைவிட விரைவில் தேய்கின்றது. நடுக்கட்டைகளின் முனைகள் உருண்டு போதல், ஓரக்கட்டைகளின் அடியில் வெடிப்புக் காணுதல், உட்துணி வெளித்தெரிதல் ஆகியன டயரை மாற்ற வேண்டிய அறிகுறிகளாகும்.

பின் டயர் தேய்ந்தவுடன் புதிய டயரைப் பின்னேயே பொருத்திவிட்டு, பழைய முன் டயரை அப்படியே விட்டுவிடுவது பொதுவாகக் காணப்படும் வழக்கம். காலப்போக்கில் இது விதியைத் தலைகீழாக்கிவிடும். புதிய பின் டயர் உறுதியாகப் பிடிக்க, வெடிப்புற்ற ஓரக்கட்டைகளைக் கொண்ட முன் டயர் வளைவில் முதலில் வழுக்கும். ஒரே டயரை மட்டும் வாங்கும் நிலையில், அது முன்சக்கரத்துக்கு ஏற்றதாயின் அதனை முன்னே பொருத்தி, பாதி தேய்ந்த முன் டயரைப் பின்னுக்கு மாற்றுவதே சிறந்தது. அவ்வாறு மாற்றும்போது அதன் உட்துணி பின்சக்கரத்தின் சுமைக்குப் போதுமானதா என்பதையும், அம்புக்குறியின் திசையையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தேய்ந்த பின் டயரை முன்னுக்குக் கொண்டுவருதல் எந்நிலையிலும் தவிர்க்கப்பட வேண்டியதாகும்.