தமிழ்நாட்டிற்கென வரைந்த கொடி: நெசவாளர் நோக்கில் சில குறிப்புகள்

தமிழ்நாட்டு அரசிற்கு ஒரு முத்திரை உண்டு. வாழ்த்துப் பாடல் உண்டு. பனை மாநில மரம், செங்காந்தள் மாநில மலர், மரகதப் புறா மாநிலப் பறவை, வரையாடு மாநில விலங்கு. அண்மையில், 2019இல், ஒரு வண்ணத்துப்பூச்சிக்குக்கூட அந்தப் பெருமை கிடைத்தது. இத்தனையும் உடைய மாநிலத்திற்கு ஒரு கொடி மட்டும் இல்லை. பாலவனத்தம், அருப்புக்கோட்டை வட்டாரச் சங்கங்களில் தேசியக் கொடியேற்றும் நாட்களில், ‘நம் மாநிலத்திற்குத் தனிக்கொடி உண்டா, ஐயா?’ என்று அங்கத்தினர் சிலர் வினவக் கேட்டிருக்கிறேன். இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயினும் ஒரு காலத்தில் அதற்கெனப் படமே வரையப்பட்டது என்பதையும், அப்படத்தைத் தறிக்காரர் கண்கொண்டு நோக்கினால் என்ன தெரிகிறது என்பதையும் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன்.

சென்னை மாநிலம் என்ற பெயர் 1969 ஜனவரி 14இல் தமிழ்நாடு என்று மாறியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1970 ஆகஸ்டில், அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதி மாநிலத்திற்கு ஒரு கொடி வேண்டும் என்று கூறி, அதன் அமைப்பையும் வெளியிட்டார். இடது மேல் மூலையில் தேசியக் கொடி. வலது கீழ்ப்பகுதியில் மாநில அரசின் கோபுரச் சின்னம். மத்திய, மாநில உறவுகளை ஆராய 1969இல் அமைக்கப்பட்ட இராஜமன்னார் குழு பணியாற்றிக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே கொடியைப் பற்றிய பேச்சு துணியோடு நிற்கவில்லை. மாநில உரிமை என்ற பெரிய வழக்கின் ஒரு கிளையாகவே அதனைப் பலரும் கருதினர். எதிர்ப்பு எழுந்தது, கொடி ஏறவில்லை. அரசியல் சட்டத்தில் மாநிலக் கொடியை வழங்கும் விதியும் இல்லை, தடுக்கும் விதியும் இல்லை. விடுதலை நாளில் தேசியக் கொடியை ஆளுநருக்குப் பதிலாக முதலமைச்சரே ஏற்றும் உரிமை மட்டும் பின்னர்க் கிட்டியது. 1974 ஆகஸ்டு 15 அன்று சென்னைக் கோட்டையில் கருணாநிதி அவ்வாறு ஏற்றினார்.

படத்தின் அமைப்பைக் கவனிப்போம். ஒரு கொடியின் இடது மேல் மூலை என்பது கம்பத்தை ஒட்டிய இடம். மரியாதைக்குரிய இடமும் அதுவே. பிரிட்டிஷார் தம் ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் கொடிகளில் தமது கொடியை அம்மூலையில் பதித்தனர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் கொடிகளில் இன்றும் காணலாம். அதே முறையில் நம் படத்தில் மூவர்ணம் அமர்ந்தது. ‘தனிக்கொடி பிரிவினைக்கு வழி’ என்று வாதிட்டவர்கள் இம்மூலையைச் சற்று உற்றுப் பார்த்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

கோபுரமோ நம் மாவட்டத்து உறவு. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சிக்காலத்தில் உருவான இச்சின்னத்தை வரைந்தவர் மதுரை ஓவியர் ஆர். கிருஷ்ணராவ். அது திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று பெரும்பாலோர் கூறுவர். மதுரை மேலைக்கோபுரம் என்பாரும் உளர். அந்த வழக்கை இங்கே தீர்க்க முற்படவில்லை. சின்னத்தில் கோபுரத்தின் முன் சிங்கமுகத் தூண், அதன் இரு மருங்கிலும் தேசியக் கொடிகள், சுற்றிலும் ‘தமிழ்நாடு அரசு’, ‘வாய்மையே வெல்லும்’ என்ற எழுத்துகள். ஆக, முழுச் சின்னத்தையும் கொடியில் இட்டால் ஒரே கொடியில் தேசியக் கொடி மூன்று முறை வந்துவிடும்!

நெசவாளருக்கு உரிய கேள்வி இனித்தான் வருகிறது. சேலைக்கு நேர்ப்புறம் உண்டு, உட்புறம் உண்டு. புட்டாவின் பின்னே நூல் தொங்கினால் உடுத்துபவருக்கு மட்டுமே தெரியும். கொடிக்கு உட்புறம் கிடையாது. காற்று எப்பக்கம் திருப்பினாலும் அப்பக்கமே நேர்ப்புறம். ஆகையால் ஒரு பக்கம் அழகாக வாசிக்கத்தக்க எழுத்து, மறுபக்கம் கண்ணாடியில் தெரிவதுபோலத் தலைமாறிவிடும். இரு துணிகளை முதுகோடு முதுகாக வைத்துத் தைத்தால் எழுத்து நேராகும். ஆனால் எடை கூடி, மெல்லிய காற்றில் கொடி விரியாது.

இதனைச் சிறு விஷயம் என்று எண்ண வேண்டாம். 1931இல் காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட கொடியின் நடுவே இருந்தது கைராட்டை. 1947 ஜூலை 22இல் அரசியல் நிர்ணய சபையில் தேசியக் கொடித் தீர்மானத்தை முன்மொழிந்த ஜவஹர்லால் நேரு, ராட்டையின் ஒரு பக்கம் சக்கரமும் மறுபக்கம் கதிரும் இருப்பதால், கொடியின் இரு முகங்களிலும் அது ஒன்றுபோல் தோன்றாது என்பதை எடுத்துக் காட்டினார். கொடியில் ராட்டையின் சக்கரம் மட்டும் நின்று, அசோகச் சக்கரமாயிற்று. நூற்பவரின் கருவி கொடியிலிருந்து நீங்கியதற்குக் கூறப்பட்ட காரணங்களுள், துணிக்கு இரு முகம் என்ற இந்தத் தறிநியாயமும் ஒன்று.

இச்சிக்கலைப் பிறர் எவ்வாறு தீர்த்தனர்? ஜம்மு காஷ்மீருக்கு 1952இல் சொந்தக் கொடி அமைந்தது. சிவப்புத் துணி, கம்பத்தை அடுத்து மூன்று வெள்ளைக் கோடுகள், நடுவில் வெள்ளைக் கலப்பை. கலப்பையின் கைப்பிடி கோடுகளை நோக்கியிருக்க வேண்டும் என்று விதித்தனர். அவ்வாறு விதித்தபின் எப்புறம் பார்த்தாலும் கைப்பிடி கம்பத்துப் பக்கமே இருக்கும், குழப்பமில்லை. உழவர்க்குரிய கருவியைத் தாங்கிய அக்கொடி, 2019இல் அம்மாநிலத்தின் தனிநிலை நீங்கியபோது இறங்கியது. கர்நாடகத்தில் மஞ்சளும் சிவப்புமான கொடி 1960களிலிருந்தே மக்களிடம் வழங்கிவந்தது. 2018 மார்ச் 8 அன்று அம்மாநில அரசு, இடையில் வெள்ளையும் அதன் மேல் மாநிலச் சின்னமும் சேர்த்து ஒரு கொடியை ஏற்று, மத்திய அரசின் ஒப்புதலை நாடியது. ஒப்புதல் வரவில்லை. அச்சின்னத்திலுள்ள இருதலைப் பறவை இரு முகத்திலும் ஒன்றே, எழுத்துதான் இடையூறு.

கடல் கடந்த ஓர் உதாரணமும் கூறலாம். இங்கிலாந்தில் நம் மாவட்டத்தை ஒத்த ‘கவுண்டி’களுக்குத் தனித்தனிக் கொடி உண்டு. நம் கைத்தறியை நலிவித்த மில்துணியின் தாயகமான லங்காஷயர், வெள்ளையில் சிவப்பு ரோஜாவைத் தன் கொடியாகப் பதிவு செய்ய விரும்பியது. அதே அமைப்பு ஸ்காட்லாந்தின் மாண்ட்ரோஸ் நகருக்கு உரியதெனத் தெரியவே, மஞ்சள் நிறத் துணிக்கு மாறி 2008இல் பதிவு செய்தனர். ஒரு பூ, ஒரு நிறம், எழுத்தில்லை. எந்தத் தையற்காரரும் வெட்டித் தைத்துவிடலாம்.

நம் முன்னோரும் இதனை அறிந்தேயிருந்தனர். பாண்டியர்க்கு மீன், சோழர்க்குப் புலி, சேரர்க்கு வில். சேதுபதிகள் அனுமக் கொடியும் கருடக் கொடியும் உடையோர் எனத் தம் பட்டயங்களில் குறித்துக்கொண்டனர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவிய பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் அந்த மரபில் வந்தவரே.

அளவையும் பார்க்க வேண்டும். தேசியக் கொடிக்கு 6300க்கு 4200 மில்லிமீட்டர் முதல் 150க்கு 100 வரை ஒன்பது அளவுகள் உள்ளன. இந்தியத் தர நிர்ணயங்களில் முதலாம் எண் பெற்றதும் இக்கொடியே. மூன்றடி நீளத்தை ஒட்டிய 900க்கு 600 மில்லிமீட்டரில் ஒரு மாநிலக் கொடி செய்து, மூலையில் நீளத்திலும் உயரத்திலும் பாதியைத் தேசியக் கொடிக்கு ஒதுக்கினால், அது 450க்கு 300 ஆகும். அந்த அளவிற்குச் சக்கரத்தின் விட்டம் 90 மில்லிமீட்டர். 24 ஆரங்களுக்கிடையே விளிம்பில் சுமார் 12 மில்லிமீட்டர் இடைவெளி. மாநிலக் கொடியை இதிற் பாதியாக்கினால் சக்கரம் 40, இடைவெளி 5 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். இதனை நெய்ய இயலாது. அச்சிட வேண்டும், அதுவும் இரு முகத்திலும் இம்மி பிசகாமல். ஹூப்ளியை அடுத்த பெங்கேரியில், 1957இல் தொடங்கிய கர்நாடக கதர் கிராமோத்யோக சம்யுக்த சங்கத்தார் அவ்வாறே செய்கின்றனர். துணியை மூன்று பங்காக்கிச் சாயமேற்றி, வெள்ளைப் பட்டியின் இருபுறமும் சக்கரத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்துமாறு பதித்து, பின்னரே மூன்றையும் இணைத்துத் தைக்கின்றனர்.

அச்சங்கத்தாருக்கு நேர்ந்ததை நம் அங்கத்தினர்கள் அறிய வேண்டும். 2002ஆம் ஆண்டுக் கொடி விதித்தொகுப்பின்படி தேசியக் கொடி கையால் நூற்றுக் கையால் நெய்த துணியாலேயே ஆக வேண்டும். 2021 டிசம்பர் 30இல் அவ்விதி திருத்தப்பட்டு, இயந்திரத்தில் செய்த துணிக்கும் பாலியஸ்டருக்கும் இடம் தரப்பட்டது. மறு ஆண்டே வீடுதோறும் கொடியேற்றும் இயக்கம் வந்தது. கொடிக்கு இதுவரை இல்லாத தேவை எழுந்த அந்த நேரத்தில், பெங்கேரிச் சங்கத்தார் விதித்திருத்தத்தை எதிர்த்துக் கிளர்ச்சி செய்ய நேர்ந்தது.

ஆகவே 1970இல் வரைந்த படத்தை மீண்டும் யாரேனும் எடுத்தால், கோபுரம் எந்த ஊருடையது என்ற வாதத்திற்கு முன்பாக, எந்த நூல், எந்தத் தறி என்பதைத் தீர்மானத்திலேயே எழுதுமாறு நம் சங்கங்கள் கேட்க வேண்டும். எழுத்துகளை நீக்கிக் கோபுரத்தை மட்டும் ஒரே நிறத்தில் நிறுத்தினால் இரு முகச் சிக்கலும் இராது; அருப்புக்கோட்டைச் சாயப்பட்டறையிலேயே துணிக்கு நிறமேற்றிவிடலாம்.