ஹாம் ரேடியோ லைசென்ஸ் ஆசையா? முதல்ல எந்தப் புத்தகம் படிக்கணும்?

2004 டிசம்பர் 26. சுனாமி அந்தமானைப் புரட்டிப் போட்ட நாள். டெலிபோன் செத்துப் போச்சு. அப்போது போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் என்ற பெண், கையில் இருந்த ரேடியோ பெட்டியை வைத்துக் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களோடு பேசினார். யார் உயிரோடு இருக்காங்க என்ற தகவல் அதன் வழியாகப் போனது. அவர் போலீஸ் இல்லை, ராணுவம் இல்லை. ஹாம் ரேடியோ என்ற பொழுதுபோக்குக்காக அங்கே போயிருந்தவர்.

இதைப் படிக்கும் நம்ம ஊர் எலக்ட்ரீசியன், டி.வி. மெக்கானிக் பலருக்கும் "நமக்கும் இது வராதா?" என்று தோணும். தாராளமா வரும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு நடத்தும் தேர்வில் பாஸ் ஆகி லைசென்ஸ் எடுத்தால் போதும். ஆனால், தப்பான புத்தகத்தில் ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்கள் உண்டு. எதைப் படிப்பது, எதைத் தள்ளுவது? பார்ப்போம்.

பழைய கைடு உஷார்!

பழைய புத்தகக் கடையில் 30 ரூபாய்க்கு ஒரு கைடு கிடைத்தால் கை தானா நீளும். அதில் கிரேடு-1, கிரேடு-2 என்று இருந்தால் வைத்துவிட்டு வந்துடுங்க. ஷார்ட்வேவில் பேச மோர்ஸ் கட்டாயம் என்றும் அதில் போட்டிருக்கும். மோர்ஸ் என்றால் 'டிட், டா' என்ற தந்திச் சத்தம். அதைப் பார்த்துப் பயந்தே பலர் ஆசையை மூட்டை கட்டி வைத்தார்கள்.

1978-ம் வருட அமெச்சூர் விதிகள் 2010-ஐ ஒட்டித் திருத்தப்பட்டன. ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டே பிரிவு ஆனது. ரெஸ்ட்ரிக்டட் எழுதுபவருக்கு மோர்ஸ் வேண்டாம் என்று ஆனது. ஜெனரலுக்குத்தான் நிமிடத்துக்கு 8 வார்த்தை வேகம். அதோடு, 1885-ம் வருட தந்திச் சட்டத்தின் இடத்துக்கு 2023-ல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. ஆகவே விதிமுறைப் பகுதியை மட்டும் பழைய புத்தகத்தில் படிக்கவே கூடாது. தொலைத்தொடர்புத் துறையின் 'சரல் சஞ்சார்' இணையதளத்தைப் பார்த்து, நடப்பு விதி எதுவோ அதைப் படியுங்க.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், தேர்வில் இரண்டு பகுதி. ஒன்று ரேடியோ பாடம், இன்னொன்று விதிமுறை. இரண்டிலும் தனித்தனியா மார்க் தேறணும். ரேடியோவைக் கரைச்சுக் குடிச்சவரும் விதிமுறையில் கோட்டை விட்டால் பெயில்தான்.

பிளஸ்-2 புத்தகம் இருக்கா?

ரேடியோ பாடத்துக்கு முதல் புத்தகம் காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. 2019-ல் வந்த தமிழ்நாடு பிளஸ்-2 இயற்பியல் புத்தகம் போதும். மின்னோட்டம், மாறுதிசை மின்னோட்டம், மின்காந்த அலை, குறைகடத்தி, தகவல் தொடர்பு... தேர்வுக்கு வேண்டிய அடிப்படை முக்கால்வாசி அதில் தமிழிலேயே இருக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இரவல் கேளுங்க.

ஒரு சிக்கல். தேர்வு ஆங்கிலத்தில். இதற்கு ஒரு வழி இருக்கு. ஒரு நோட்டு எடுத்து மூணு கட்டம் போடுங்க. முதல் கட்டத்தில் புத்தகத்துச் சொல், இரண்டாவதில் தேர்வுச் சொல், மூன்றாவதில் கடைச் சொல். புத்தகத்தில் 'மின்தேக்கி'. தேர்வில் 'கெப்பாசிட்டர்'. கடையில் 'கண்டன்சர்'. சீலிங் ஃபேன் சுத்தலைன்னா மாத்துறோமே, அதேதான்! 'மின்தூண்டி' என்பது தேர்வில் 'இண்டக்டர்', கடையில் 'காயில்'. 'அதிர்வெண் பண்பேற்றம்' என்று படித்து மிரண்டுடாதீங்க. அது நம்ம எஃப்.எம். தான்.

சாலிடரிங் அயர்ன் பிடித்த கைக்கு இந்த மூன்றாவது கட்டம் ஏற்கெனவே தெரியும். காலேஜ் பையனுக்கு அது தெரியாது என்பது வேறு விஷயம்.

குண்டுப் புத்தகம் எப்போ?

ஹாம் ரேடியோ என்று தேடினால் முதலில் வருவது அமெரிக்காவின் 'ஏ.ஆர்.ஆர்.எல். ஹேண்ட்புக்'. 1926-ல் முதலில் வந்த புத்தகம். ஆயிரம் பக்கத்துக்கு மேல். நல்ல புத்தகம்தான், விலைதான் கையைக் கடிக்கும். லைசென்ஸ் வாங்கி, சொந்தமா செட் கட்டும்போது அது உதவும். தேர்வுக்கு அது வேண்டாம்.

அமெரிக்கப் புத்தகத்தில் ஒரு பள்ளமும் இருக்கு. 40 மீட்டர் பேண்ட் அங்கே 7.0 முதல் 7.3 மெகாஹெர்ட்ஸ் வரை. நமக்கு 7.2-லேயே முடிஞ்சுடும். அங்கே படித்ததை இங்கே எழுதினால் மார்க் போச்சு. செல்போனில் இலவசமா வரும் அமெரிக்கக் கேள்வி-பதில் ஆப்களுக்கும் இதே கதைதான். ரேடியோ கேள்வியைப் போட்டுப் பாருங்க. விதிமுறைக் கேள்வியைத் தாண்டிடுங்க.

ஆன்டெனா கணக்கு எல்லா நாட்டுக்கும் ஒண்ணுதான். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் வயரின் நீளம் மீட்டரில் வரும். 7.1-க்கு சுமார் 20 மீட்டர். நடுவில் வெட்டி கேபிளைக் கோர்த்தால் அதுதான் டைபோல். மொட்டை மாடியில் கொடி கட்டுற மாதிரி வேலை.

நம்ம நாட்டிலேயே நல்ல சரக்கு இருக்கு. ஹைதராபாத்தில் 1983-ல் தொடங்கிய தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனம் இதற்குப் பயிற்சி கொடுத்து வந்திருக்கிறது. அதே ஊர் அஷர் ஃபர்ஹான் 2003-ல் 'பிட்எக்ஸ்' என்ற செட்டின் சர்க்யூட்டை எல்லோருக்கும் இலவசமா வெளியிட்டார். ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்தில் கிடைக்கும் சாதாரண டிரான்சிஸ்டர், கண்டன்சரை வைத்தே கட்டுகிற மாதிரி போட்டது. அந்த விளக்கத்தை வரி வரியாப் படித்தால், ஒவ்வொரு பார்ட்டும் எதுக்கு இருக்குன்னு புரியும்.

காது பழக, நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ரேடியோவை இன்டர்நெட்டில் செல்போனிலேயே கேட்கலாம். ஏ-க்கு 'ஆல்ஃபா', பி-க்கு 'பிராவோ' என்று எழுத்துக்கூட்டுவதும், முடிக்கும்போது 'செவன்டி த்ரீ' என்று வாழ்த்துச் சொல்வதும் ஒரு வாரத்தில் பிடிபடும்.

ஆர்வக் கோளாறில் ஆன்லைனில் வாக்கி-டாக்கி வாங்கிப் பட்டனை அமுக்கிடாதீங்க. லைசென்ஸ் இல்லாமல் ஹாம் பேண்டில் பேசுவது குற்றம். செட்டும் போகும், வழக்கும் வரும்.

1978 விதிப்படி 12 வயது ஆனவரே தேர்வு எழுதலாம் என்று இருந்தது. அப்பாவும் பிள்ளையும் ஒரே பிளஸ்-2 புத்தகத்தைப் பங்கு போட்டுப் படிக்கலாம்.