ஆண்டெல்லாம் பூக்கும் ரோஜாவும் கிடர்பூர் ஆற்றுவழியும்

காட்டு ரோஜா இனங்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறை, வசந்தத்தில் மட்டுமே பூப்பவை. டோக்கியோவின் ஜிந்தாய் தாவரவியல் பூங்காவில் மே மாதத்திலும் மீண்டும் அக்டோபரிலும் ரோஜாப் பாத்திகள் மலர்ந்து நிற்பதற்கும், 1820-இல் வில்லியம் கேரி தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்துக்குக் கல்கத்தாவின் கிடர்பூரை ஒட்டிய அலிப்பூரில் உள்ள தோட்டம் பனிக்காலத்தில் ரோஜாக்களால் நிறைந்திருப்பதற்கும், சீனாவில் நெடுங்காலம் பேணப்பட்ட சில தோட்ட ரோஜாக்களின் மீண்டும் மீண்டும் பூக்கும் இயல்பே காரணமாகும்.

அந்த இயல்பு ஐரோப்பாவுக்குச் சென்ற வழிகளில் ஒன்று ஹூக்ளி ஆறு. கிடர்பூருக்குச் சற்றுக் கீழே, எதிர்க்கரையிலுள்ள சிப்பூரில், கர்னல் ராபர்ட் கிட் 1787-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தாவரவியல் தோட்டம் அமைத்தார். 1793 முதல் அதனை நடத்திய வில்லியம் ராக்ஸ்பர்க், அதற்கு முன்பு சென்னை மாகாணத்தின் சாமல்கோட்டையில் செடிகளை ஆராய்ந்தவர். உப்புக்காற்றில் வாடிய செடிகள் நெடும்பயணத்தின் இடையே மண்ணில் ஊன்றித் தேறுவதற்கு இத்தகைய தோட்டங்கள் உதவின. 1790-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கில்பர்ட் ஸ்லேட்டர் மலரச் செய்த செந்நிறச் சீன ரோஜா கல்கத்தா வழியாகவே அவரை அடைந்தது என்பது ரோஜா வரலாற்று நூல்கள் தரும் செய்தி. பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் சீன ரோஜாவை வங்காள ரோஜா என்றே அழைத்து வந்தனர்.

இந்த இயல்பின் உள்வேலை 2012-இல் தெளிவாகியது. ஜப்பானிய ஆய்வாளர் ஹிகாரு இவாட்டாவும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் விளக்கியபடி, காட்டு ரோஜாவில் கே.எஸ்.என். என்னும் மரபணு வசந்தம் முடிந்ததும் விழித்துப் புதுத் தளிர்கள் பூக்காதவாறு தடுக்கிறது. சீன ரோஜாவிலோ, இடம்பெயரவல்ல ஒரு டி.என்.ஏ. துண்டு அந்த மரபணுவுக்குள் செருகிக்கொண்டு அதனைச் செயலிழக்கச் செய்துவிட்டதால், தடை நீங்கி, வளரும் தளிர் ஒவ்வொன்றும் நுனியில் பூவாக முடிகிறது. பல நூற்றாண்டுகளாகத் தோட்டக்காரர்கள் கண்ணால் கண்டு தேர்ந்துவந்த குணம், ஒரு மரபணுவின் முடக்கமே என்பது வியப்புக்குரியது.

தளிர்தோறும் பூ என்பதால் பூக்கும் நாளைக் கத்தரிக்கோலே தீர்மானிக்கிறது. கிளைகளைக் குறைத்துப் புதுத்தளிர் விடச் செய்யும் கவாத்து முடிந்து, கடுங்குளிர் இல்லாத பருவத்தில் ஏறத்தாழ ஆறேழு வாரங்களில் மலர் வரும். ஜப்பானியப் பூங்காக்களில் கடுங்குளிரில் ஒரு கவாத்தும், அக்டோபர் மலர்ச்சிக்காகக் கோடை முடிவில் இலேசான மற்றொரு கவாத்தும் நடைபெறுகின்றன. கல்கத்தாவிலோ, இலைகளை உதிர்க்கும் கரும்புள்ளி நோயைப் பெருக்கும் மழைக்காலம் ஓய்ந்த பின், அக்டோபர் வாக்கில் கவாத்துச் செய்து, டிசம்பர், ஜனவரியில் மலரைப் பெறுகின்றனர்.

ஜப்பானின் பங்கும் சிறிதன்று. அந்நாட்டு வேலிகளிலும் ஆற்றோரங்களிலும் கொத்துக்கொத்தாகப் பூக்கும் நோய்பரா என்னும் காட்டு ரோஜா சீன ரோஜாவோடு கலந்தே, பாத்திகளை நிரப்பும் குட்டைக் கொத்து ரோஜாக்கள் தோன்றின. உயர்வகைகளை மொட்டு ஒட்டும் வேர்ச்செடியாகவும் அதுவே பயன்படுகிறது. 

எனினும் வங்கத்தில் இயல்பாக வளரும் ரோசா கிளினோஃபில்லா, நீர் தேங்கும் நிலத்திலும் வெப்பத்திலும் தழைக்கும் அரிய காட்டு ரோஜாவாக இருந்தும், போதிய கவனம் பெறவில்லை. கொடைக்கானலில் ரோஜா வகைகளை உருவாக்கிவரும் எம்.எஸ். வீரராகவன், வெப்பநாடுகளுக்கு ஏற்ற ரோஜாவுக்கு இதனையே தாய்ச்செடிகளுள் ஒன்றாகக் கொண்டார். மழையிலும் புழுக்கத்திலும் இறக்குமதி வகைகள் நலியும் கல்கத்தாவின் பொதுத் தோட்டங்களில் முதற்பாத்தி இதற்கே தரப்பட வேண்டும்.